கோயில் மைக்கில் சொன்ன பேர்

அண்ணே, இன்று காலை நம் மாரியம்மன் கோயில் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார்கள். பேச்சு வருவதற்கு முன்னால் அது ஒரு கீச்சுக் கீச்சுமே, அதைக் கேட்டதும் நீங்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து நின்றது கண்ணுக்குள் வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சீனாவிலிருந்து வந்த உங்கள் அப்பா சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக விற்க வருவார். பின்னால் உட்கார்ந்து வந்த நீங்கள் எங்கள் வாசல்களில்தான் தமிழ் பழகினீர்கள். வளர்ந்து, கொழும்பில் சிவப்புக் கட்சிக்காரர்களின் பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்த பிறகும் பதுளையில் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வருவீர்கள். என் ரொட்டியைத் தின்றுகொண்டே சாமி இல்லை என்பீர்கள். நான் விடாமல் திருநீறு பூசுவேன். "பூசு தங்கச்சி, ஒனக்குத் திருப்தின்னா சரி" என்று நெற்றியைக் காட்டுவீர்கள்.

மாவு கிடைக்காத அந்த வருஷம் எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பேச்சி செத்தாள். இருந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பாலில்லாத வெறும் சாயத் தண்ணியைக் குடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் காய்ச்சல் என்றார். நீங்கள் வீடு வீடாகக் கேட்டு உள்ளதை எழுதினீர்கள். பத்திரிகை அதைப் போடவில்லை.

"நம்ம ஆளுங்க ஆட்சியில இருக்கும்போது பசின்னு எழுதக்கூடாதாம் தங்கச்சி" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அது திருவிழா நேரம். நேரே கோயில் காரியம் பார்க்கும் பெரிய கங்காணியிடம் போய், அண்ணன் எழுதியதை வாசிக்கக் கோயில் மைக்கைக் கொடுங்கள் என்றேன். சாமி இல்லை என்கிறவனுக்குக் கோயில் மைக்கா என்று ஏசினார்.

"ஆத்தாளுக்குத் தெரியாமலா பேச்சி செத்தா? அவளும் கேக்கட்டுங்க" என்றேன்.

பெண்கள் எல்லாரும் என் பின்னால் வந்து நின்ற பிறகுதான் விட்டார். நீங்கள் அம்மனைப் பார்த்து நின்று வாசித்தீர்கள். "பேச்சி காய்ச்சல்ல சாகல. பசியில செத்தா." துரை பங்களா வரைக்கும் கேட்டது.

மறுநாளே போலீஸ் ஜீப் வந்தது. குடியுரிமைக் கடுதாசி கேட்டார்கள். எங்களைப் போலவே உங்களுக்கும் எந்த நாட்டுக் கடுதாசியும் இல்லை. மாதக்கணக்கில் அடைத்து வைத்து, இருமலோடு வெளியே விட்டார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினீர்கள். நீங்கள் உழைத்துக் கொட்டிய பத்திரிகை ஒரு வரி எழுதவில்லை. இதை எந்தச் சாமி பொறுக்கும்?

இன்று கங்காணியின் மகன் மைக்கைப் பிடித்து, அந்தப் பஞ்சத்தில் நமக்காகக் குரல் கொடுத்தது தன் அப்பாதான் என்கிறான். சீனாக்கார அண்ணன் பேரையும் சொல்லுடா என்றேன்.

"அந்தப் பேரு வாயில நுழையாது அத்த" என்று இளித்தான். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

மைக்கைப் பிடுங்கிவிட்டேன். முதலில் பேச்சியின் பேரைச் சொன்னேன். அப்புறம் உங்கள் பேரை, நீங்கள் சொல்லித் தந்த மாதிரியே கடைசியில் மூக்கால் இழுத்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

பூசாரி தட்டை நீட்டியபோது உங்கள் பங்குத் திருநீற்றையும் நானே பூசிக்கொண்டேன் அண்ணே. உங்கள் கோபமும் என்னிடம்தான் இருக்கிறது. ஆறவிடவில்லை.