நாற்பத்தொன்றா, நாற்பத்தேழா

மே 11, சனிக்கிழமை

அன்புள்ள இர்மாவுக்கு,

ஆர்டிஸ் எழுதுகிறேன். நானும் டெல்மரும் நலம். ஃபீனிக்ஸில் நீயும் உன் மகள் குடும்பமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அங்கே இப்போதே அடுப்பு மாதிரி கொதிக்கிறதாமே. இங்கே போன செவ்வாய்க்கிழமைகூடப் பனி பெய்தது. முழங்கால் வலி குறைந்ததா? குறைந்திருந்தால் அந்த வெயிலை நான் மன்னித்துவிடுகிறேன்.

என் கையெழுத்தைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறாதே. யாரும் சாகவில்லை. உன் பண்ணையை வாங்கியவர்கள் கொட்டகைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. புதுப் போதகர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்கிறார். அதற்குள் கோயிலின் கீழறையில் காப்பி ஆறிப்போய்விடுகிறது. நெருஞ்சி போன வருஷத்தைவிட அதிகம். ஊர்ச் செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவது ஒரு மாட்டைப் பற்றி.

போன அக்டோபரில் எமிலின் மந்தை முழுவதையும் ஏலம் விட்ட அன்று நீ வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான் அதைத் தப்பு சொல்ல மாட்டேன். புருஷனைப் புதைத்த மூன்றாம் மாதத்தில் அவர் வளர்த்த மாடுகள் ஒவ்வொன்றாய் ஏல வளையத்துக்குள் வந்து போவதை யாரால் பார்க்க முடியும்? நீ சமையலறையில் உட்கார்ந்திருந்தாய். உன்னோடு லவோன் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே காற்றில் நின்றேன்.

நான் வந்தது நாற்பத்தொன்றாம் எண் மாட்டுக்காக. அது உனக்கும் தெரிந்திருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அது பிறந்தபோது எமில் குடல்வால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார். நீ எனக்குத்தான் ஃபோன் செய்தாய். பின்னங்கால் முதலில் வந்துகொண்டிருந்தது. நாம் இரண்டு பேரும் சங்கிலி போட்டு இழுத்தோம். மூச்சே இல்லாமல் கிடந்த கன்றின் மூக்கில் நான் வைக்கோலை விட்டுக் குடைந்தேன். அது தும்மிய தும்மலில் உன் முகமெல்லாம் சளி. நீ சிரித்துச் சிரித்து என் மேலேயே விழுந்தாய். அப்போது லவோன் இந்த ஊரிலேயே கிடையாது.

வண்டியில் வரும்போதே டெல்மர் எனக்குப் பாடம் நடத்தினார். "சாதாரண ஏலம்னா கழிசல் மாட்ட வீட்லயே கட்டிட்டு நல்லத மட்டும் கொண்டு வருவாங்க. மொத்த மந்தையும் போற ஏலத்துல எல்லாமே வளையத்துக்குள்ள வரும். ரெண்டு மாசமாத் தின்னு கொழுத்து எல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு நிக்கும். ஏலப் புத்தகத்துல எழுதியிருக்கறத நம்பாத. மடியப் பாரு, குளம்பப் பாரு. வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி காதுல பச்சை குத்தியிருக்கற நம்பரையும் பதிவுச் சீட்டையும் ஒத்துப் பாரு. எல்லாத்தையும்விட முக்கியம், மாட்டப் பாரு, எதுத்தாப்புல கை தூக்கறவங்களப் பாக்காத" என்றார். நானும் சரி சரி என்று தலையாட்டினேன்.

காதில் நாற்பத்தொன்று என்று வில்லை மாட்டிய மாடு உள்ளே வந்ததும் லவோன் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். உன் பழுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள். இர்மா, அந்தக் கோட்டை நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய் வாங்கினோம். அதற்குப் பிறகு நான் மாட்டையே பார்க்கவில்லை. கோட்டைத்தான் பார்த்தேன். அவள் கை தூக்கத் தூக்க நானும் தூக்கினேன். ஏலக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "அம்மாமாருங்களா, இன்னைக்கு என் பேரப் பசங்க காலேஜுக்கே பணம் சேத்துக் குடுத்துருவீங்க போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பதாயிரம் டாலரில் டெல்மர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மாடு லவோனுக்குப் போனது.

வெறும் வண்டியோடு வீடு திரும்பினால் அவள் பார்த்துச் சிரிப்பாள் என்று தோன்றியது. அதனால் கடைசியில் வந்த நாற்பத்தேழைக் கறிக்கடை விலைக்கு வாங்கினேன். அதே காளைக்குப் பிறந்ததுதான், ஆனால் சினையில்லை என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது. இரண்டு வருஷமாகச் சினையே நிற்கவில்லையாம். டெல்மர் வண்டிக் கதவைத் திறந்தார். காற்று ஊசி மாதிரி குத்தியது. காதை யாரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

மார்ச் இருபதாம் தேதி அந்தச் சினையில்லாத மாடு கன்று போட்டது.

டெல்மர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "இந்த மாதிரி நான் பைபிள்லதான் கேட்டிருக்கேன்" என்றார். கிடாரிக் கன்று. முதுகு மேசை மாதிரி நேராக, எமிலின் பெரிய காளையை உரித்து வைத்தது போல. பிறகு மாட்டைக் கூண்டில் நிறுத்தி, இடது காதின் அழுக்கைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பச்சை குத்திய எண் தெளிவாகத் தெரிந்தது. நாலு, ஒன்று. ஏலத்தன்று காலையில் புது வில்லை மாட்டியவர்கள் காதைத் துடைக்காமலே படித்திருக்கிறார்கள். மை பரவிய காதில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரிதான் தெரியும். அக்காவின் வில்லை தங்கைக்கும் தங்கையின் வில்லை அக்காவுக்கும் போய்விட்டது.

நீ ஜன்னலோரம் நின்றிருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பாய். நான் மூன்று வருஷமாக உன் வாசலுக்கு வராதவள். எனக்கு வளர்ந்த நாற்பத்தொன்றைத் தெரியாது. லவோனுக்கு வில்லையில்லாமல் எந்த மாட்டையும் தெரியாது. ஒமாஹாவில் பல் டாக்டரிடம் கணக்கு எழுதியவளுக்கு மாட்டின் முகம் எங்கே தெரியப்போகிறது?

டெல்மர் அன்றே சொன்னார், "இர்மாவுக்கு எழுதிடு" என்று. நான் எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் லவோன் காப்பி மேசையில் உட்கார்ந்து, "இர்மா கைபட்ட மாடுங்க. கன்னு போட்டதும் அவ பேரத்தான் வெப்பேன்" என்று பேசுவாள். உன்னிடமிருந்து வாரம் ஒரு கடிதம் வருவதை மடித்துக் கைப்பையில் வைத்திருப்பாள். ஓரம் வெளியே தெரிகிற மாதிரிதான் வைப்பாள். எனக்கு வந்தது ஒரு கிறிஸ்துமஸ் அட்டை. அதில் உன் பெயரை மட்டும் எழுதியிருந்தாய். அவளிடம் உன் கடிதங்கள் இருக்கட்டும், என் கொட்டகையில் உன் மாடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மாலையில் போய் அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டு வருவேன். ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு இந்தப் புத்தி.

ஏப்ரலில் கால்நடை டாக்டர் வந்து அவளுடைய மாட்டைப் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை லவோன் எல்லார் முன்னாலும் அழுதாள். "சினைன்னு அச்சடிச்சுக் குடுத்தாங்க. எமில் பொய் எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரு. இர்மாவுக்கும் தெரிஞ்சுதான் இருக்கும். அவ லெட்டர் ரெண்டு வந்துச்சு, நான் பிரிக்கவே இல்ல" என்றாள். நான் பக்கத்து மேசையில் இருந்தேன். என் வாயில் ஒரு வார்த்தை தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன். அவளுக்கும் உனக்கும் பேச்சு நின்றுவிட்டது என்பதுதான் என் காதில் இனிப்பாக விழுந்தது. மூன்று வாரம் நான் நன்றாகத் தூங்கினேன், இர்மா.

அவள் ஏன் பதில் போடவில்லை என்று நீ அங்கே குழம்பிக்கொண்டிருப்பாய். காரணம் இதுதான். அவளைப் பற்றி நான் நல்லதாக எழுதப்போவதில்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவள் மேல் தப்பில்லை. சினை மாட்டுக்குப் பணம் கொடுத்தாள், வறட்டு மாடு வந்தது. நானாக இருந்தால் அழுதிருக்க மாட்டேன், கத்தியிருப்பேன்.

போன வியாழக்கிழமை டெல்மர் தீவனம் வாங்கப் போனார். அங்கே நான்கைந்து பேர் உட்கார்ந்து, "எமில் மாடுன்னா இனிமே சீட்ட நம்பக் கூடாதுப்பா, வயித்துல கைவிட்டுப் பாத்துட்டுதான் வாங்கணும்" என்று பேசிச் சிரித்திருக்கிறார்கள். எமிலைப் பற்றி! விற்ற காளைக்குக் கால் நொண்டுகிறது என்று கேள்விப்பட்டு, கேட்காமலே இன்னொரு காளையைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்த மனிதரைப் பற்றி. டெல்மர் தீவனம் வாங்காமலே வந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இன்னும் எழுதலையா?" என்று கேட்டார். ஏழு வாரமாகத் தினமும் கேட்கும் கேள்விதான். ஆனால் அன்று அவர் கண் கலங்கியிருந்தது. அவரும் எமிலும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். நான் என் வயிற்றெரிச்சலுக்கு ஒரு செத்த மனிதரின் பெயரை எரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷமாக நான் ஏன் வரவில்லை என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இடுப்பு வலி என்று பொய் சொல்லியிருப்பேன். ஒரு ஜூன் மாதம் தோட்டத்து ரூபார்ப் தண்டைப் போட்டுக் கேக் செய்து, சூடு ஆறுவதற்குள் உனக்குத் தர வேண்டும் என்று ஓடி வந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் லவோன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அது என் நாற்காலி என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லைதான். நீ அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்து, மேசையில் தலை வைத்துக்கொண்டாய். நான் கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். பாதி வழியில் வண்டியை நிறுத்தி முழு கேக்கையும் நானே தின்றேன். எமில் போனபோதுகூட எல்லாரோடும் வரிசையில் நின்று உன் கையைக் குலுக்கிவிட்டுப் போனேன். அதற்காக என்னை மன்னித்துவிடு. மற்றதற்கெல்லாம் மன்னிக்காவிட்டாலும் சரி.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். இந்த உறையில் மாட்டினச் சங்கத்தின் திருத்தப் படிவம் வைத்திருக்கிறேன். இரண்டு மாட்டின் எண்களையும் எழுதிவிட்டேன். வில்லை மாறிவிட்டது என்று விற்றவர் கையெழுத்துப் போட்டால்தான் சீட்டு சரியாகுமாம். நீ போட வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. அது வந்ததும் நாற்பத்தொன்றையும் கன்றையும் நானே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் லவோன் வீட்டில் இறக்கிவிடுவேன். மார்ச்சிலிருந்தே எனக்குத் தெரியும் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பி மேசையிலும் சொல்வேன், எமில் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை என்று. என்னை என்ன சொல்வார்களோ சொல்லட்டும். நாற்பத்தேழை நான் ஓட்டி வந்துவிடுகிறேன். நான் விலைக்கு வாங்கியது அதைத்தானே.

லவோன் பிரிக்காமல் வைத்திருக்கும் உன் இரண்டு கடிதங்களையும் அன்றைக்கே பிரித்துவிடுவாள். பத்துப் பக்கம் உனக்கு எழுதுவாள், அழுவாள், மன்னிப்புக் கேட்பாள். நீயும் மன்னிப்பாய். மறுபடி வாரம் ஒரு கடிதம் அவளுக்கு வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒரே ஒரு கெஞ்சல். கையெழுத்துப் போட்ட படிவத்தை நேராக லவோனுக்கு அனுப்பிவிடாதே. அதுதான் சீக்கிரம் சேரும் என்று உனக்குத் தோன்றும். இரண்டு நாள் தாமதமானால் மாடு ஒன்றும் செத்துவிடாது. என் பெயருக்கு அனுப்பு. பதில் உறையில் என் விலாசத்தை நானே எழுதி வைத்து அனுப்பியிருக்கலாம், வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. என் பெயரை நீயே உன் கையால் எழுது. உள்ளே வேறொன்றும் எழுதத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம். படிவத்தை நான் பத்திரமாக அவளிடம் கொடுத்துவிடுவேன். உறையை நான் வைத்துக்கொள்கிறேன்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக.

இப்படிக்கு,
ஆர்டிஸ்