விரல் வைக்காத கம்பி

இன்று காலையில் ஸ்டுடியோவைத் திறந்ததும் ரோசின் மணம் முகத்தில் அடித்தது. நேற்று வில்லுக்குத் தேய்த்துவிட்டு டப்பியை மூடாமல் போயிருக்கிறேன். பூட்டிக் கிடந்த சின்ன அறை முழுக்க அந்த மரப்பிசின் வாசம். உன் புடவை மடியில் எப்போதும் அதன் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். கணக்கு டீச்சர் என்பதால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதைச் சாக்பீஸ் தூள் என்று நினைத்தார்கள். ஆளுயர வயலின் மாதிரியான செல்லோவை வாசிக்கிற டீச்சர் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

பாறசாலையில் கல்யாணப் பாட்டும் சபைக் கன்வென்ஷன் பாட்டும் பதிவு செய்து பிழைக்கிறவள் நான். எல்லாமே நாலு நிமிடத்துக்குள் முடிய வேண்டிய பாட்டுகள். அப்படிப்பட்டவள், இருபது நிமிடம் ஓடுகிற ஆர்கெஸ்ட்ரா இசை ஒன்றை எழுதிவிட்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கொல்லயிலுக்கு, உன் வீட்டுக்குத்தான் வந்தேன். அதில் மெட்டு என்று ஒன்று கிடையாது. நாலைந்து சுரங்கள் சேர்ந்து நீண்டு நிற்கும். அவற்றில் ஒன்று மட்டும் மெல்ல நகரும். அது காதுக்குப் பழகிய பிறகு இன்னொன்று நகரும். எந்த இடத்தில் மாறியது என்று சொல்ல முடியாது; ஆனால் முடியும்போது தொடங்கிய இடத்தில் இருக்கமாட்டோம்.

அதில் செல்லோவுக்கென்று எழுதியிருந்த பகுதியை நீ கடைசிவரை வாசித்தாய். பிறகு வில்லை மடியில் வைத்தாய்.

"கொள்ளாம் மக்கா, நல்லாருக்கு. ஆனா இதுல ஒரு துண்டும் வெட்டப்பிடாது, கேட்டியா? வெட்டினா ஒண்ணும் மிஞ்சாது."

அமரவிளை சபையின் ஹாலில் ஞாயிறு மதியம் கூடும் நம் குழுவிடம் அதைக் கொண்டுபோனவள் நீதான். சுற்றுவட்டாரச் சபைகளின் கொயர்களில் வயலினும் புல்லாங்குழலும் வாசிக்கிறவர்களை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவளும் நீதான். குழுவை நடத்தும் ஜெயசிங் அண்ணன் முதல் ஒத்திகையிலேயே கையைத் தாழ்த்திவிட்டார்.

"இதெந்து பாட்டு? ஆளுக உறங்கிப் போவும். எட்டு நிமிசம் மதி, அதுக்கு மேல வேண்டாம். நடுவுல ஒரு டிரம் போடு."

நான் தலையாட்டத் தொடங்கினேன். எனக்கு அது பழக்கம். ஸ்டுடியோவில் வருகிறவர்கள் சொல்வதுதானே பாட்டு. நீ நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாய்.

"அண்ணே, உறங்குறவன் உறங்கட்டு. முழிச்சிருக்கவனுக்கு நாம வாசிப்போம்."

அவர் சிரித்துவிட்டார். முழுசாகவே ஒத்திகை நடந்தது.

அந்த வருஷம்தான் உனக்கு நோய் கண்டது. நெய்யாற்றின்கரையில் காட்டினோம், பிறகு திருவனந்தபுரத்தில் மருந்து ஏற்றினார்கள். முடி போனதற்கு நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் மதியம் உன் வீட்டுக்கு வந்தபோது, இடது கை விரல்களைச் செல்லோவின் கம்பியில் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மரத்துப் போச்சுடி. கம்பி எங்க இருக்குன்னே தெரியல்ல."

மருந்தினால் வருவது, போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலது கையிலும் உணர்ச்சி குறைந்திருந்தது. ஆனால் வில்லின் பிடியில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி எப்படியோ பிடித்துக்கொண்டாய். இடது கைக்கு மட்டும் வழியில்லை.

நான் வீட்டுக்குப் போய் உன் பகுதியை மாற்றினேன். விரலே வைக்காமல் வாசிக்கிறபடி, செல்லோவின் மிகத் தடித்த கம்பியின் ஒரே சுரத்தை முதலிலிருந்து கடைசிவரை உனக்கு வைத்தேன். கொண்டுவந்து காட்டியபோது நீ கோபப்பட்டாய். அவ்வளவு கோபத்தில் உன்னை நான் பார்த்ததில்லை.

"எனக்கு இரக்கப்பட்டு எழுதாத. நான் ஒதுங்கி இருந்துக்கிடுவேன். என்னாலதான் பாட்டு கெட்டுதுன்னு வரப்பிடாது."

"கெட்டிருக்கா இல்லியான்னு வாசிச்சிட்டுச் சொல்லு" என்றேன். நான் கீபோர்டில் மற்றவர்களின் பகுதிகளை ஒன்றாகச் சேர்த்து வாசிக்க, நீ அந்தக் கம்பியை மட்டும் இழுத்தாய்.

நீ எதையும் மாற்றவில்லை. உன்னைச் சுற்றித்தான் எல்லாம் மாறியது. ஒரு இடத்தில் உன் சுரம் எல்லாவற்றையும் தாங்கும் தரை மாதிரி இருந்தது. மேலே ஒரு வயலின் அரைச் சுரம் இறங்கியதும் அதே சுரம் துக்கமாகக் கேட்டது. இன்னொன்று நகர்ந்ததும் அது பொருந்தாமல் உறுத்தியது. கொஞ்ச நேரம் கழித்து, உறுத்தியவை அதற்கு வழிவிட்டு விலகின. நான் முதலில் எழுதியதில் இது இல்லை. முடிந்ததும் நீ என்னைப் பார்க்காமல் வில்லைத் தளர்த்திக்கொண்டே சொன்னாய்: "சரி. இதுதான் வேணும்."

கர்க்கடகத்து ஆடி மழையில் உன்னை அடக்கம் செய்தோம். அடுத்த ஒத்திகையில் ஜெயசிங் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தச் சுரத்த கீபோர்டுல பிடிச்சிட்டாப் போதும் மோளே. ஒத்த சுரம்தானே. யாருக்குத் தெரியப்போவுது?"

"வில்லுல இழுக்கணும் அண்ணே. நான் வாசிக்கேன்."

"நீயா? நீ செல்லோவத் தொட்டதுண்டா?"

இல்லை. உன் கணவர் ராபின் அண்ணனிடம் போய்க் கேட்டேன். செல்லோவை உறையோடு தூக்கி ஆட்டோவில் வைத்தார். ஒத்த சுரம்தானே என்று நானும் நினைத்திருந்தேன். வில் முனைக்குப் போனதும் சத்தம் மெலிந்தது, திரும்பும்போது இடறியது. தோள்பட்டை எரிந்தது. இருபது நிமிடம் ஒரே அளவில் அந்தச் சத்தத்தைப் பிடித்து நிறுத்த, உணர்ச்சி குறைந்த கையோடு நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் பதிவுக்கு ஆள் வருமுன் வாசித்தேன். வலித்தபோதும் வாசித்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரத்தில் சத்தம் இடறாமல் ஒரே சீராக நின்றது.

கச்சேரியன்று ஹால் நிறைந்திருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் பின்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். யாரோ கொட்டாவி விட்டது மேடைவரை கேட்டது. நான் தலை தூக்கவில்லை. முடிந்தபோது உடனே கைதட்டல் வரவில்லை. வந்தது பெரிதாகவும் இல்லை. ஆனால் நிறையப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ராபின் அண்ணன் மேடையோரம் வந்து நின்றார்.

"அவ வீட்டுல இருந்து வாசிக்கச்சில எனக்கு எரிச்சல் வரும்" என்றார். "முழு நேரமும் இந்த ஒத்தச் சத்தம். கதவ அடைன்னு சொல்லியிருக்கேன். மத்தவங்க வாசிக்கத நான் கேட்டதில்லல்லா? இன்னைக்கித்தான் கேட்டேன்." செல்லோவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கையால் தடுத்துவிட்டார்.

இந்த வாரம் உதியன்குளங்கரையிலிருந்து ஒரு சபைச் செயலாளர் கூப்பிட்டார். அவர்களுடைய ஆண்டு விழாவில் இதை வாசிக்க வேண்டுமாம். நிகழ்ச்சி நிறைய இருக்கிறது, பத்து நிமிடமாகச் சுருக்கித் தர முடியுமா என்றார். ஸ்டுடியோவுக்கு வேலை தருகிறவர், நல்ல மனிதர்.

"முழுசா உண்டுன்னா நாங்க வாறோம். இல்லன்னா இல்ல" என்றேன்.

இருபது வருஷத் தொழிலில் நான் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. அது யார் பேசுகிற விதம் என்று எனக்குத் தெரியும். இனி அது என்னிடமே இருக்கட்டும்.

செயலாளர், "சரி, முழுசாவே வாசியுங்க" என்றார்.