மயிலுக்குக் கண் வைத்த வெள்ளிக்கிழமை

சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வீட்டுக்கு வரும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போன மறுநாள் பள்ளிக்கூடத்தில் இரங்கல் போர்டு எழுத ஆள் இல்லை. யார் இறந்தாலும் ட்ராயிங் மாஸ்டர் நீங்கள்தானே எழுதுவீர்கள்? கடைசியில் கணக்கு சார் எழுதினார். ‘கண்ணீர் அஞ்சலி’ என்பதற்கே பலகை முடிந்துவிட்டது. உங்கள் பெயர் மூலையில், வகுத்தலில் வந்த மீதி போல ஒட்டிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டிருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உங்கள் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. ஓவிய வகுப்பு கணக்குக்குப் போய்விட்டது. நோட்டு ஓரத்தில் ஆடு வரைந்ததற்காக, எட்டாவது படிக்கும் தங்கை செல்வியை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

நான் பத்தாவதோடு நின்றுவிட்டேன். கூச்சம்தான், வேறென்ன? வேலந்தாவளம் கடைகளுக்கு வீட்டிலிருந்தே போர்டு எழுதுகிறேன். பேச வேண்டியதை அம்மா பேசிவிடுவார்.

போன மாதம் ஆண்டுவிழா மேடைக்குப் படுதா வரையச் சொன்னார்கள். மயில் வரைந்தேன். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கே பார்க்க வந்தார்.

“ஏனம்மணி, மயிலுக்குக் கண்ணக் காணோம்?”

சாமி சிலைக்குக் கண்ணைக் கடைசியில், எல்லோர் முன்னாலும்தானே திறப்பார்கள்? கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன்: “வெள்ளிக்கெழம ட்ராயிங் பீரியடுல, புள்ளைங்க முன்னால வெக்கறேனுங்க.”

“அது கணக்குக்குப் போயிருச்சே!”

“அப்ப மயிலு இப்படியே இருக்கட்டுங்க.”

கூட வந்த கணக்கு சார், “தோகையப் பாத்தாப் போதாதுங்களா? கண்ண யாரு பாக்கறாங்க?” என்றார்.

“எம்.எல்.ஏ. பாப்பாரு சார். குருட்டு மயிலுக்கு முன்னால நின்னு அவரு பேசோணுமா?” என்றார் ஹெட்மாஸ்டர்.

அந்த வெள்ளிக்கிழமை பீரியடை விட்டுக்கொடுத்தார்கள்; போனேன். அத்தனை பேரும் பார்த்த கூச்சத்தில் கண் கொஞ்சம் கோணிவிட்டது. மயில் ஹெட்மாஸ்டரைச் சந்தேகமாகப் பார்த்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மிச்ச வண்ணத்தை அவர்களிடமே கொடுத்தேன். செல்விக்கு முகமெல்லாம் பச்சை. மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை.

“ஆள் போடற வரைக்கும் வெள்ளிக்கெழம நீயே வந்துட்டுப் போ அம்மணி” என்றார் ஹெட்மாஸ்டர்.

இந்த வாரம் கணக்கு சார் வகுப்பு வாசலில் வந்து நின்றார். “போர்ஷன் முடியல அம்மணி. பாதி பீரியடு குடு.”

“தரமாட்டேனுங்க சார்.” சொன்னது நான்தானா?

அவர் “அப்ப ஒரு பேப்பராச்சும் குடு” என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நிலா வரைய காம்பஸ் கேட்கிறார், அப்பா!

அடுத்த வாரமும் யாராவது வந்து கேட்பார்கள். பேப்பர் கொடுப்பேன். பீரியடைக் கொடுக்கமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
பூங்கொடி