பத்தொன்பது கலவன்கள்

மேல் அணையின் காவலர் அவர்களுக்கு, உங்கள் மனைவி வயல் கொட்டகையிலிருந்து எழுதிக்கொள்வது.

நானும் மகளும் சுகம். உங்கள் முழங்கால் வலியைப் பற்றி அடுத்து விசாரிக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் அப்படியே பின்பக்கம் போங்கள். குடியிருப்புக்குப் பின்னால் நீங்கள் நட்டு வைத்திருக்கும் ஐந்து முள் கத்தரிச் செடிகளையும் தயவுசெய்து பிடுங்காதீர்கள். காய் எட்டிக்காயாகக் கசக்கிறது, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பீன்ஸ் போடப்போகிறேன் என்று வண்டி ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பினீர்களாம். உங்கள் மலையில் போனும் எடுக்காது, வண்டியும் வியாழக்கிழமைதான் போகும். நான்கு நாளாக வியாழக்கிழமை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டு அலைகிறேன். பீன்ஸை வேறு எங்காவது போடுங்கள்.

முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தத் தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை ஜன்னலில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? மகளுக்குப் பல்லில் கம்பி போட்டாகிவிட்டது. பேசுவதில் பாதி புரியவில்லை. மீதிப் பாதி உங்களை விசாரிப்பதுதான்.

என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லத்தான் பார்க்கிறேன். எனக்கே தலைகால் புரியவில்லை.

விதைக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் நான் பார்த்தது கலவன் எடுக்கிற வேலை என்று உங்களுக்குத் தெரியும். நட்ட ரகத்திலிருந்து உயரத்திலோ இலையிலோ தண்டின் நிறத்திலோ மாறி நிற்கிற செடிதான் கலவன். பூ விடுவதற்கு முன்பே அதை வேரோடு எடுத்துவிட வேண்டும். விட்டால் மகரந்தம் பரவி மொத்த விதையும் கெட்டுப்போகும். சோதனைக்கு வருகிற அதிகாரி என் பாத்தி வரப்பில் ஒரு நடை நடந்துவிட்டு, இங்கே எனக்கு வேலையே இல்லையே என்று திரும்பிப் போவார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறே வேண்டியிருக்காது.

இந்த விதை வங்கிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இங்கே குளிரறையில் நாலாயிரம் பொட்டலம் இருக்கிறது. கத்தரி, எள், மிளகாய், அதோடு பேர் தெரியாத மருந்துச் செடிகளும். புது ரகம் உருவாக்குகிறவர்கள் நோய் தாங்குகிற குணம், வறட்சி தாங்குகிற குணம் என்று எதைத் தேடினாலும் இங்கேதான் வருவார்கள். விதை கிழடாகி முளைப்புத் திறன் போவதற்கு முன்னால் அதை நட்டு, புது விதை எடுத்து, மறுபடி பொட்டலம் கட்டி உள்ளே வைக்க வேண்டும். அந்த நடுகிற வேலைதான் என்னுடையது.

இருநூற்றுப் பதினேழாம் எண் கத்தரியை என்னிடம் கொடுத்தார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு விவசாயியின் வயலிலிருந்து சேகரித்தது. அந்த வயல் இருந்த இடத்தில் இப்போது லாரி பட்டறை இருக்கிறதாம். பொட்டலத்தில் இருந்த கடைசி விதைவரை போட்டும் பாதிக்குமேல் முளைக்கவில்லை. தொண்ணூற்றிரண்டு நாற்று தேறியது. நட்டு இருபதாம் நாள் பார்க்கிறேன், எல்லாம் ஊதாத் தண்டோடு வழவழவென்று நிற்க, பத்தொன்பது மட்டும் தறுதலைபோல் பச்சைத் தண்டும் முள்ளுமாக நிற்கிறது. என் கை சும்மா இருக்குமா? ஒரு காலை நேரத்தில் அத்தனையையும் எடுத்துவிட்டேன்.

நீங்கள் விடுப்பில் வந்திருந்த வாரம் அது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நீங்கள் அந்தக் குவியலைப் பார்த்து, உயிருள்ள செடியை இப்படியா போடுவாய் என்று ஐந்தை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டீர்கள். கலவனைப் போய்க் காப்பாற்றுகிறாரே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். மீதிப் பதினான்கும் அன்றைக்கே எருக்குழிக்குப் போய்விட்டது.

இப்போது கேளுங்கள். கத்தரியில் புது ரகம் உருவாக்குகிற மேடம் பத்து நாளைக்கு முன் ஒரு பழைய நோட்டோடு வயலுக்கு வந்தார். பத்து வருடத்துக்கு முன்னால் இதே எண்ணில் முப்பது செடியை வாடல் நோய் உள்ள மண்ணில் நட்டுப் பார்த்தார்களாம். இருபத்துமூன்று செத்துப்போய் ஏழு பிழைத்தது. பிழைத்த ஏழும் முள் செடி. வாடல் நோயால் எங்கே பார்த்தாலும் கத்தரி வயல் காய்ந்துகொண்டிருக்கிறது, அந்த முள் செடியின் குணத்தை நல்ல ரகத்துக்குள் கொண்டுவரப்போகிறேன் என்றார். அப்புறம் என் பாத்தியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“முள்ளு இருக்கிற செடி ஒண்ணுகூட வரலையா?”

“வரலை மேடம்” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதிவேட்டில் நட்டது தொண்ணூற்றிரண்டு, காய் எடுத்தது எழுபத்துமூன்று செடியில் என்று இருக்கிறது. நடுவில் பத்தொன்பது தானாகப் பட்டுப்போனதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கம்பெனியில் கலவனை எண்ணி எழுதுகிற வழக்கமே கிடையாது, நானும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து, ஆரம்பத்தில் கொடுத்த குறிப்புத் தாளைத் தேடி எடுத்தேன். ‘எல்லாச் செடியிலிருந்தும் சமமாகக் காய் எடுக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை நான் படித்திருக்கிறேன். எல்லாச் செடியும் என்றால் கலவன் எடுத்தபிறகு நிற்கிற எல்லாமும் என்றுதானே எனக்குப் பட்டது. இங்கே பழைய நாட்டு விதையில் நாலு விதமாகக் கலந்து நிற்பதுதான் அந்த ரகமாம். அப்படியென்றால் இருபத்திரண்டு வருடம் நான் செய்தது சரியா, இப்போது செய்தது தப்பா, ஒரே கை ஒரே வேலை எப்படி இரண்டாகும்? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிச்சம்.

அதோடு போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். முள் செடியே வரவில்லை என்றதும், பொட்டலம்தான் மாறியிருக்கிறது என்று இயக்குநர் முடிவுகட்டிவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் குளிரறை இயந்திரம் பழுதானபோது பொட்டலங்களை எல்லாம் இடம் மாற்றியது குளிரறை அண்ணன். அவருக்கு மெமோ போய்விட்டது. ஓய்வுபெற நாலு மாதம் இருக்கிற மனிதர். ஒரு பொட்டலத்தைத் தொட்டால் மூன்று இடத்தில் எழுதிவைப்பார். நேற்று கொட்டகைக்கு வந்து இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்.

“மாத்திட்டேன்போல தங்கச்சி” என்றார். “இப்பல்லாம் எதுவும் நினைவுல நிக்கிறதில்ல.”

நான் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மண்வெட்டி.

என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசியில் சொல்வார்கள். நான் உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவர் பேர் போகும். நான் பிடுங்கியதைச் சொன்னாலும் செடி திரும்ப வரப்போவதில்லை, உங்களிடம் இருப்பதைத் தவிர. அதுவும் இருக்கிறதா என்று தெரியாது. என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

ஒன்றும் பிடிபடாமல்,
உங்கள் மனைவி.


மேல் அணைக் காவலருக்கு மறுபடியும் உங்கள் மனைவி எழுதுவது.

உங்கள் பதில் கிடைத்தது. என் கடிதம் வருவதற்கு முதல் நாளே மூன்று செடியைப் பிடுங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டேன். திரும்ப எடுத்துப் பார்த்தால், அடுத்த வரியில் முழங்கால் பிடித்துக்கொண்டதால் இரண்டை அப்படியே விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் வலிக்காக ஒருத்தி சந்தோஷப்பட்டாள் என்றால் அது நான்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் யோசனையையும் படித்தேன். வாயைத் திறக்காதே, காய் பழுத்ததும் விதை எடுத்து வண்டியில் அனுப்புகிறேன், சத்தமில்லாமல் பொட்டலத்தில் கலந்துவிடு, யாருக்கும் தெரியாது என்று. முதலில் நல்ல யோசனையாகத்தான் பட்டது. இரண்டு நாள் அதையே சுற்றிச் சுற்றி வந்தேன். கலவன் எடுத்தே பழகிய நான், திருட்டுத்தனமாகக் கலக்கப்போகிறேனே என்று சிரிப்புக்கூட வந்தது. பிறகு ஒன்று உறுத்தியது. பொட்டலத்தின்மேல் எழுதியிருப்பதை நம்பித்தான் எங்கிருந்தெல்லாமோ இங்கே வருகிறார்கள். அணைக்கட்டில் ஒருவர் வளர்த்த செடியின் விதையை வயல் விதை என்று உள்ளே வைத்தால், மேலே எழுதியிருப்பது பொய்யாகிவிடும். அது பெரிய தப்பா, சின்னத் தப்பா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள நேரமும் இல்லாமல் போய்விட்டது. திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போடப் போனேன். தட்டச்சு செய்கிற பெண்ணின் பக்கத்தில் குளிரறை அண்ணன் நின்றுகொண்டு, பொட்டலத்தை மாற்றியது நான்தான், மன்னிக்க வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மன்னிக்கவும் என்று போடலாமா, மன்னிக்கும்படி வேண்டுகிறேன் என்று போடலாமா என்று அந்தப் பெண்ணிடம் யோசனை கேட்கிறார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக மேடம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள், கால் நடந்துவிட்டது.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என்றைக்கு எடுத்தேன், எவ்வளவு உயரம் இருந்தது, மொட்டு வந்திருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, “ரெண்டு இருக்குன்னு சந்தோஷப்படறதா, பதினேழு போச்சேன்னு அழறதா, எனக்கே தெரியலைம்மா” என்றார். எல்லா முள் செடிக்கும் அந்தக் குணம் இருக்கும் என்று சொல்ல முடியாதாம். உங்களிடம் இருக்கிற இரண்டும் வாடலைத் தாங்குமா என்பது நோய் மண்ணில் நட்டுப் பார்த்தால்தான் தெரியும். பக்கத்தில் வேறு கத்தரிச் செடி இருந்து, வண்டும் தேனீயும் மாறி மாறி உட்கார்ந்திருந்தால் விதையும் கலந்திருக்கும். உங்கள் குடியிருப்பைச் சுற்றி வேறு யாராவது கத்தரி போட்டிருக்கிறார்களா? மறைக்காமல் சொல்லுங்கள். பழுத்து மஞ்சளாகிற காயைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். புதிதாக வருகிற மொட்டுக்கு மெல்லிய துணிப் பை கட்டச் சொன்னார் மேடம். உங்கள் பழைய வேட்டியைக் கிழித்தால் போதும்.

என் வேலை என்ன ஆகும் என்று கேட்டேன். இயக்குநரிடம் பேசுகிறேன் என்றார் மேடம். இயக்குநரோ மேடத்திடம் கேளுங்கள் என்கிறார். ஆக, இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமலே தினமும் வேலைக்குப் போய்வருகிறேன்.

குளிரறை அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அப்ப நான் மறக்கல” என்றார். இரண்டு தடவை சொன்னார். மெமோ வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் எல்லோரும் அவருக்கு மறதி நோய் என்றே முடிவு செய்து, சாவிக்கொத்தைக்கூட அவர் கையில் கொடுப்பதில்லையாம். டாக்டரிடம் காட்ட நாள்கூடக் குறித்துவிட்டார்களாம். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அலுவலகத்துக்குத்தான் மேடம் எழுதிவிட்டாரே அண்ணே என்றேன். அலுவலகத்துக்கு இல்லை, வீட்டில் காட்ட என்றார். எழுதிக் கொடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. வேறு தாளில் திருப்பி எழுதுகிறேன் என்றதற்கு அதுவே போதும் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வண்டியில் மேடம் செடியைப் பார்க்க வருகிறார். நானும் கூட வருகிறேன். மகள் அவள் பெரியம்மா வீட்டில் இருப்பாள். மேடம் அதே வண்டியில் திரும்பிவிடுவார். எனக்கு ஒரு வாரம் விடுப்பு கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வேலை இருக்குமோ என்னவோ, அது தெரியாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் தேவலை என்று தோன்றுகிறது.

மூன்றைப் பிடுங்கிவிட்டேனே என்று கடிதம் முழுக்க என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். பத்தொன்பதைப் பிடுங்கியவளிடம் போய் அதைக் கேட்கிறீர்களே. நான் வருகிறேன் என்றதும், என் வாய்க்குப் பயந்து வீட்டை ஒழுங்குபண்ணத் தொடங்குவீர்கள். உடைந்த ரேடியோ, ஒற்றைச் செருப்பு, டப்பா டப்பாவாகச் சேர்த்துவைத்திருக்கும் ஆணி எல்லாவற்றையும் எங்காவது ஒளித்துவைப்பீர்கள். வேண்டாம். நான் வந்து பார்க்கும்போது எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். எதையும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி.