துவரங்குறிச்சியில் விட்டு வந்த ஆள்

பீர்க்கன்கரணை,
21-2-1993, ஞாயிறு மாலை.

சம்பத் அண்ணாவுக்கு ஹில்டா எழுதுவது. மாணிக்கவேல் மாமாவின் வலது கையில் மாவுக்கட்டு போட்டிருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நான் பக்கத்து வீட்டு லாசரஸின் மகள், நீங்கள் மஸ்கட் போனபோது ஐந்தாம் வகுப்பு, இப்போது ஒன்பதாவது. மாமா சொல்வதை உள்ளது உள்ளபடி எழுதுவேன், ஒரு சொல் கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன், பிறகு மனம் மாறி அடிக்கச் சொன்னாலும் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உங்கப்பனுக்கு மேல இருக்கியே என்று மாமா சிரித்தார். இனி வருவது அவர் உங்களோடு பேசுவது.

அன்புள்ள சம்பத்துக்கு அப்பாவின் ஆசிகள். நான் இங்கே சோற்றுக்குக் குறைவில்லாமல் இருக்கிறேன், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எனக்கு அது போதும். கை என்றதும் பயப்படாதே, மணிக்கட்டு எலும்பில் ஒரு கீறல், ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடுவார்கள். அங்காளம்மா காலையில் வந்து சோறு வடித்துப் பாத்திரம் கழுவிவிட்டுப் போகிறாள், நான் இடது கையால் சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்காமல் தன் வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன் கொண்டுவந்து வைத்தாள். ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது, கரை வரைக்கும் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் விடியற்காலையில் வண்டலூர் சிங்கம் கத்துவது கேட்கிறது. அதற்குப் பசி என்பாள் உன் அம்மா, இல்லை தூக்கம் வரவில்லை என்பேன் நான், இப்போது அவள் போய் நாலு வருஷம் ஆகிறது, நான் சொல்வதை இல்லை என்று சொல்ல ஆளில்லை. மாடியைச் சனிக்கிழமைதோறும் திறந்து பெருக்கி ஜன்னல்களைத் திறந்து வைக்கிறேன். நீ அனுப்பிய பணத்தில் கட்டியது, உன் கல்யாணத்துக்கென்று கட்டியது, ஃபேனில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

உன் கடிதம் நானும் லாசரும் புல்லட்டில் புறப்படுவதற்கு முதல் நாள் வந்தது. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை செய்யக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும், மாடியை யாருக்கும் விடாமல் அப்படியே வைத்திருக்கும்படியும், இந்த வயதில் புல்லட்டில் ஊர் சுற்றுவதை நிறுத்தும்படியும் எழுதியிருந்தாய். தெருவில் எல்லாரிடமும் சம்பத் சித்திரையில் வருகிறான் என்று சொல்லி வைத்திருந்தேன். கடிதம் வந்த பிறகும் அதை மாற்றிச் சொல்லவில்லை, லாசரிடம்கூட.

லாசர் வீட்டுச் செய்தி உனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் இடித்து ஃபிளாட் கட்டப் போகிறாராம், ஹில்டாவின் பரீட்சை முடிந்ததும் மே மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் கூடுவாஞ்சேரி வரைக்கும் அவன் தேடிப் பார்த்தான், வாடகை கட்டுப்படியாகவில்லை. பெண்டாட்டி ஊரான நாகர்கோவிலுக்கே போய்விடுகிறேன், வெல்டிங் பட்டறையை அங்கேயும் போடலாம் என்று முடிவு செய்துவிட்டான். வருகிற ஞாயிறு ரயிலேறிப் போய் வீடு பேசி முடிக்கப் போகிறான். அவன் ஊரைவிட்டுப் போகிறான் என்பதால்தான் இந்த வருஷம் கன்னியாகுமரி வரைக்கும் போய் வந்துவிடலாம் என்று நாங்கள் கிளம்பினோம். பதினாலு வருஷமாக வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் போகிறோம், இது கடைசி என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

போகும்போது ஒரு குறையும் இல்லை. உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு பஞ்சர், திருச்சியில் ஓர் இரவு, கோவில்பட்டியில் ஓர் இரவு. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, லாசர் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் இரண்டு தட்டு தட்டுவான், அதற்குப் பிறகுதான் நான் கிளட்சை விடுவேன். கன்னியாகுமரியில் பாறை மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன், அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான், உடனே சுண்டல் வாங்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது துவரங்குறிச்சியில் டீ குடித்தோம். லாசர் மாத்திரை எடுக்க கேரியரில் இருந்த கான்வாஸ் பையின் கயிற்றை இளக்கிவிட்டு, பையை சீட்டு மேல் சாய்த்துவிட்டு ஒதுங்கப் போயிருக்கிறான். நான் அதைப் பார்க்கவில்லை. வண்டியை உதைத்து மஃப்ளரைக் கட்டும்போது பை சரிந்து என் முதுகில் இரண்டு தடவை மோதியது. தட்டிவிட்டான் என்று நினைத்துப் புறப்பட்டுவிட்டேன். அவன் தூங்கினால் என் மேல் சாய்வது வழக்கம், பையும் அப்படியே சாய்ந்துகொண்டு வந்தது. புல்லட் சத்தத்தில் பின்னால் இருப்பவன் ம்ம் என்றாலும் காதில் விழாது. ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினால் எதிரில் முகம் இல்லை, எதையும் சொல்லிவிடலாம். சொன்னேன், சம்பத், முப்பது கிலோமீட்டர் சொன்னேன். என் பையன் சித்திரையில் வரவில்லை, எப்போது வருவான் என்று எனக்கும் தெரியாது, தெருவில் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்றேன். சாயங்காலமானால் ஆள் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே ரேடியோ போடுகிறேன், விவசாயிகளுக்கான உர அறிவிப்பைக்கூடக் கடைசி வரை கேட்கிறேன் என்றேன். நீ நாகர்கோவில் போக வேண்டாம், என் மாடியில் வந்து இரு என்றேன். அவன் ரோஷக்காரன், யோசிக்கிறான் என்று விட்டுவிட்டேன். விராலிமலை கிட்டத்தில் வண்டியை மெதுவாக்கி, இன்னாடா ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றே என்று கையைப் பின்னால் நீட்டினேன். பையின் ஜிப்புதான் தட்டுப்பட்டது.

அவசரமாகத் திருப்பியதில் சரளைக்கல்லில் சறுக்கி விழுந்தேன், கை அப்போது போனதுதான். லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி வண்டியைத் தூக்கிக் கொடுத்து, பின்னாடி யாராச்சும் இருந்தாங்களா என்று கேட்டார். தெரியலையே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வழியில் எங்கேயோ விழுந்துவிட்டானோ என்று இரண்டு ஓரமும் பார்த்துக்கொண்டு, வீங்கின கையோடு திரும்பி ஓட்டினேன். ஒரு புளியமரத்தடியில் கிடந்த சாக்குமூட்டையை அவன் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். அந்த முப்பது கிலோமீட்டரை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

லாசர் டீக்கடை பெஞ்சில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு மசால்வடை தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கடைக்காரரிடம், தோ வந்துட்டாரு பாரு நம்ம டிரைவரு, ஆள வுட்டுட்டு மூட்டைய ஏத்திகினு போனவரு என்றான். கடையே சிரித்தது. என் பக்கம் திரும்பி, மச்சான், மூட்டையாண்ட இன்னா பேசிகினு போன, அது பதில் சொல்லுச்சா என்று கேட்டான். கார்புரேட்டர் பத்தி என்றேன். அப்புறம் கையைப் பார்த்து அவன் சிரிப்பு நின்றுவிட்டது. மணப்பாறையில் கட்டுப் போட்டுக்கொண்டு அங்கிருந்து வீடு வரைக்கும் அவன்தான் ஓட்டினான், மணிக்கு முப்பதுக்கு மேல் போகவில்லை, இரண்டு நாள் ஆனது. முதல் தடவையாக நான் பின்னால் உட்கார்ந்தேன். அவன் பின்கழுத்து முழுவதும் நரைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. மேல்மருவத்தூர் தாண்டி, லாசர் உன்னாண்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தேன். சும்மா இருடா, லாரி வருது என்று அதட்டினான். அவ்வளவுதான், வீடு வந்துவிட்டது.

அதனால் உன்னைக் கேட்கிறேன். மாடி உன் பணம். லாசருக்கு விடலாமா, கூடாதா என்று இரண்டு வரி எழுது. ஹில்டா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். நீ என்னம்மா சொல்றே என்று கேட்டேன், நான் எழுத வந்தவள் மாமா, எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கடிதம் மஸ்கட் வரப் பன்னிரண்டு நாள், உன் பதில் வரப் பன்னிரண்டு நாள் என்று அவளே விரல் விட்டுச் சொன்னாள். லாசர் வருகிற ஞாயிறு ரயிலேறுகிறான். ஆகையால் மேலே நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுத வேண்டாம். அந்தக் கேள்வியை அடிக்கலாம் என்றால் இவள் விட மாட்டாள். நான் உன்னைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். நீ வருகிற அன்றைக்குக் கீழே என் அறை உனக்கு, நான் கூடத்தில் படுத்துக்கொள்வேன். கோபம் வந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. இனி சம்பத் எப்போது வருகிறான் என்று யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வேன்.

வெயிலில் தலையை மூடாமல் போகாதே. அம்மாவின் திதி பங்குனியில் வருகிறது, அன்றைக்காவது மாமிசம் தொடாதே. நீ நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
மாணிக்கவேல் (இடது கையால்)

அண்ணா, இது ஹில்டா. கையெழுத்துப் போட்டதும் மாமா சட்டை மாற்றிக்கொண்டார், பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். இப்போது எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். என்னைக் கவரில் முகவரி எழுதச் சொல்லிவிட்டுப் போனார், எழுதி முடித்துவிட்டேன், ஆனாலும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து ஜன்னல் வழியாக எங்கள் முன்னறை தெரிகிறது, பேச்சும் கேட்கிறது. அப்பா, வா மச்சான், கை இன்னா சொல்லுது என்று கேட்டார். சும்மாதான் வந்தேன் என்றார் மாமா. அம்மா காபி வைத்தார். அப்பா நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் எடுத்த கதையைச் சொல்கிறார், மாமா டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறார், காபியைத் தொடவில்லை. நான் என்ன விரும்புகிறேன் என்பதை இதில் எழுதக் கூடாது, எழுதவில்லை. இப்போது மாமா எழுந்துவிட்டார். சொல்லாமலே வந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வாசலுக்கு வரவில்லை, சுவர்ப் பக்கமாகப் போனார். ஏன்டா, இன்னா ஆச்சு என்று அப்பா கேட்கிறார். முன்னறை விளக்கை மாமா அணைத்துவிட்டார். இப்போது யார் முகமும் தெரியவில்லை, மாமாவின் குரல் மட்டும் கேட்கிறது.