உன் அம்மா தாமதமாக வரவில்லை

மாதா துணை

மகள் மெர்லினுக்கு உன் அப்பா மரியராஜ் சொல்லி உன் மதினி ஷெரின் எழுதுவது. எல்லோரும் சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு என்று ஆரம்பிக்கட்டுமா மாமா என்று இவள் கேட்டாள். வேண்டாம், உள்ளதை எழுது என்றேன். நான் சுகம். உன் அண்ணன் அருண் ஜோசப் சுகம். உன் அம்மா சுகமில்லை. நீ டெல்லியில் சுகமாகத்தான் இருப்பாய், இரு. எழுத்து புதிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. நீ ஹாஸ்டலில் சேர்ந்த காலத்தில் இருந்து நான் சொல்லச் சொல்ல எழுதியது உன் அம்மா. நான் கோபத்தில் சொல்வதில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் எழுதுவாள். ஷெரினிடம் ஒரு சொல் விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினால் ரவுண்ட்ஸ் போகணும்ப்பா என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம்.

திராட்சைக்கு இந்தத் தடவை மழை ஒத்துக்கொள்ளாமல் பழமெல்லாம் பந்தலிலேயே வெடித்துவிட்டது, அருண் அந்தப் பக்கமே போவதில்லை. அது கிடக்கட்டும். நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன், எனக்கு எழுத்துத்தான் தெரியாது, ஞாபகம் இருக்கிறது. போன மாதம் நீதான் உன் அண்ணனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாய், பெரிய மண்டபத்தில் டாக்டர்களுக்கு நீ பாடம் எடுத்தது. எம்.டி. முடித்து அதற்கு மேல் மூட்டு நோய்க்கென்று ஃபெல்லோஷிப் படிக்கிறவள், டாக்டர்களுக்கே வகுப்பெடுக்கிறாள் என்றால் எங்களுக்கு இருப்புக் கொள்ளுமா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெருவையே வீட்டுக்கு அழைத்தேன். அருண் உன்னை டிவியில் போட்டான். மேலத்தெரு பஞ்சம்மாள் தோட்டத்தில் இருந்து சேறு காலோடு வந்து கதவோரம் நின்றாள். உன் அம்மா டம்ளரைப் பிடிக்க முடியாததால் ஷெரினை ஏவி எல்லோருக்கும் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் மகாராணி மாதிரி இருந்தாள். நீ பேசிய இங்கிலீஷ் யாருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினோம். திடீரென்று டிவி நிறைய இரண்டு கை. விரலெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முட்டி புடைத்து, மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்திய சிலுவை. பஞ்சம்மாள்தான் கத்தினாள், ஏ ஆத்தா, இது நம்ம லூர்து கையில்லையா, அடி இவளே, டிவியில வந்துட்டியேடி என்று. சனம் சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தாள். கீழ என்னமோ எழுதியிருக்கே, என்னத்தா அது என்று ஷெரினைக் கேட்டாள். இவளுக்குப் பொய் சொல்ல வராது. தாமதமாக வந்த நோயாளி, இந்த விரல்கள் இனி நேராகாதுன்னு போட்டிருக்கு அத்தை என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை போடச் சொல்லி நீ கொடுத்த மாத்திரையை உன் அம்மா ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடுவாள். அன்றைக்குப் போடவில்லை. அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளிலும் போடவில்லை. கேட்டால், நேராகாத வெரலுக்கு மாத்திரை எதுக்குங்கேன், எங்கிட்ட சரியாயிரும்னு சொன்னா, அங்கன ஊராளுககிட்ட ஆகாதுன்னு சொல்றா, எது நெசம்னு அவளே வந்து சொல்லட்டும் என்கிறாள். உன் போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாள். இப்போது முழங்காலும் வீங்கிவிட்டது. கோயிலில் முழந்தாளிட முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

முகத்தைக் காட்டவில்லை, பெயரைப் போடவில்லை, அம்மாவிடம் கேட்டுத்தான் படம் எடுத்தேன் என்று அருணிடம் சொன்னாயாம். கேட்டாய், நான் பக்கத்தில்தான் இருந்தேன். கிறிஸ்துமசுக்கு வந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் கையை வை என்றாய். மகள் பெரிய டாக்டரிடம் காட்டி நல்ல மருந்து கேட்கப் போகிறாள் என்று நினைத்து, கையில் இருந்த தைலம் போகக் கழுவிவிட்டு வந்து வைத்தாள். அந்தக் கைக்கு முகம் வேறு வேண்டுமா? கோம்பையில் இருந்து மார்க்கையன்கோட்டை வரைக்கும் எந்தப் பந்தலில் அந்தக் கை குலை வெட்டவில்லை? நம் பக்கத்தில் காய்ச்சல் வலி என்று ஊசி போட்டே விரலைக் கோட்டைவிடுகிறார்கள், அந்தக் கையைப் பார்த்தால் நாலு டாக்டர் அடுத்தவள் கையைக் காப்பாற்றுவார்கள் என்றும் சொன்னாயாம். காப்பாற்றட்டும். என் சண்டை அந்த ஒரு வரியோடுதான்.

உன் அம்மா எங்கே தாமதமாக வந்தாள்? சிக்குன்குனியா வந்துபோன வருஷம், நீ மெடிக்கல் காலேஜில் மூன்றாம் வருஷம். பொங்கல் லீவுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தாய். உன் அம்மா கையை நீட்டினாள். காலையில எந்திரிச்சா வெரலு மடங்க மாட்டேங்குது மெர்லி, வெயில் ஏறுனாத்தான் விடுது, என்னன்னு பாரு என்றாள். நீ சக்கையைத் துப்பிவிட்டு, காய்ச்சலோட வலிம்மா, எல்லாருக்கும் இருக்கு, போயிரும் என்றாய். கையைத் தொடவில்லை. நான் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதுகூட, எம்மக டாக்டருக்குப் படிக்கா, அவளுக்குத் தெரியாததா என்று சொல்லி வர மறுத்துவிட்டாள். முதல் நாளே, முதல் ஆளாக உன்னிடம் வந்தவள் அவள். தாமதமாக வந்தது நீ. ஷெரின் பேனாவை வைத்துவிட்டு, மாமா, இது வேணாமே என்கிறாள். எழுது என்றேன்.

படிப்பை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. ஆரம்பித்ததை முடி. முடித்துவிட்டு இங்கன வந்தாலும் சரி, அங்கனயே இருந்தாலும் சரி. ஆனால் வருகிற ஞாயிறு சாப்பாட்டு நேரத்துக்கு நீ இந்த வீட்டில் இருக்க வேண்டும். நேராகாது என்றால் நேராகாது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல். பிறகு மாத்திரை எதற்கு என்று சொல், மிச்ச மூட்டுகளைக் காப்பாற்றத்தான் என்றால் அதைச் சொல். மண்டபம் நிறைந்தவர்களுக்கு இங்கிலீஷில் சொல்லத் தெரிந்தவளுக்கு, பெற்றவளிடம் தமிழில் சொல்ல வாய் வரவில்லையா? அந்தப் படத்தை எங்கே வேண்டுமானாலும் காட்டு, கீழே இருக்கும் வரியை மாற்று. நோயாளி முதல் நாளே வந்தார், பார்த்தவர் கவனிக்கவில்லை என்று போடு. அதைப் படித்தால்தான் உன் டாக்டர்கள் கரும்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அங்கே பனி அதிகம் என்று டிவியில் சொன்னான், காதை மூடிக்கொண்டு போ. மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். இதை நான் சொல்லவில்லை, உன் அம்மா சொல்லச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே, இதை நான் சொல்கிறேன்.

இந்த வீட்டில் கைநாட்டு நீ ஒருத்தன்தான் என்று உன் அம்மா என்னை இத்தனை வருஷமும் கேலி பண்ணுவாள், எட்டாவது படித்த திமிர். இந்தக் கடிதத்தில் தன் பெயரையாவது எழுதுகிறேன் என்று இப்போது பேனாவை வாங்கினாள். முதல் எழுத்து முடிவதற்குள் பேனா விழுந்துவிட்டது. என் மை டப்பாவை அவளே முழங்கையால் இழுத்துக்கொண்டாள். கீழே இரண்டு ரேகை இருக்கிறது. முழுசாகப் பதிந்திருப்பது என்னுடையது. ஓரமாகச் சரிந்து பாதி விழுந்திருப்பது அவளுடையது, கட்டைவிரல் தாளில் படிய மறுக்கிறது.

இப்படிக்கு,
மரியராஜ் கைநாட்டு
லூர்து மேரி கைநாட்டு