கூரையில் கட்டிய தண்ணீர்

கருவக்குளம்,
பந்தல்குடி வழி.
11-6-1967

அன்பு மகன் இன்பராஜுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அணைக்கட்டு வேலை நடக்கும் இடத்தில் நீயும், மருமகள் கஸ்தூரியும், பேத்தி சௌந்தரமும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை இல்லை. கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ இஞ்சினீயர், நீ சொன்னாய் என்றுதான் ஓட்டுக்கூரை போதும் என்ற பஞ்சாயத்துக்காரர்களோடு மல்லுக்கட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடவைத்தேன். இந்த வட்டாரத்துக்கே முதல் கான்கிரீட் தளம் என்று தலைவரான எனக்கும் பெருமைதான். காண்டிராக்ட் எடுத்தவர் உன் மாமனார் ராமசுப்பு. தளம் இறுக வேண்டும் என்று மேலே மண்ணால் பாத்தி கட்டி, லாரியில் வந்த தண்ணீரை நிறுத்தினார்கள். ஊர்க்கிணறு வறண்டு கிடந்த சித்திரை மாதம். மூன்றாம் நாள் நம்மூர் அழகுத்தாய் பத்துப் பெண்களோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏன் மாமா, கட்டடம் தண்ணி குடிக்குது, எங்க மாடுக நாக்கு வறண்டு கெடக்குதுக, இது நாயமா என்றாள். எடுத்துக்கோங்க தாயி என்று சொன்னவன் நான்தான். அந்தத் தப்பை நான் மறைக்கவில்லை. ஆனால் தொழில் தெரிந்த ராமசுப்பு மறுபடி தண்ணீர் நிறுத்த வேண்டாமா? ஒரு லோடு தண்ணீர்க் காசு மிச்சம் என்று விட்டுவிட்டார். தளத்தைத் தாங்கிய முட்டு மரங்களைப் பிரித்ததும் தளம் நடுவில் தொய்ந்துவிட்டது, அடியில் என் சுண்டுவிரல் நகம் நுழையும் வெடிப்பு. உனக்கு எழுதினேன். நீ எனக்குப் பதில் போடாமல் மாமனாருக்குப் போட்டாய். வெடிப்பைப் பூசி வெள்ளையடித்துவிடுங்கள், அப்பா சும்மா பயப்படுவார் என்று. பாத்தீகளா சம்மந்தி, ஒங்க மகனே சொல்லிட்டாரு என்று அவர் சிரித்தபடி கடிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். நானும் நம்பிவிட்டேன்.

மறுநாள் அம்மாவுக்கு உன் கடிதம் வந்தது. சௌந்தரத்தை எங்களிடம் விட்டுப் படிக்கவைக்கப் போகிறாய், சந்தோஷம். ஆனால் நம்மூர்ப் பள்ளிக்கூடம் வேண்டாம், தினம் பஸ்ஸில் அனுப்பி அருப்புக்கோட்டையில் சேருங்கள் என்கிறாயே. ஐந்து வயதுப் பிள்ளை அத்தனை தூரம் ஏன் போக வேண்டும்? டவுன்ல படிப்பு நல்லாருக்கும்னு நெனக்கிறான் என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தளத்துக்கு அடியில் அழகுத்தாயின் மகள் உட்காரலாம், உன் மகள் உட்காரக் கூடாதா? உன்னைப் படிக்கவைத்தது இதற்காடா?

தளத்துக்கு அடியில் மறுபடி முட்டுக் கொடுத்து, கட்டடத்தைப் பூட்டி, சாவியை என்னிடம் வைத்திருக்கிறேன். தலைவருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, தெறப்பு விழாவக் கெடுத்துட்டாரு என்று ஊரே பேசுகிறது. இருபத்தைந்தாம் தேதி பஞ்சாயத்துக் கூட்டம். இந்தத் தளத்தை உடைத்து எடுக்க வேண்டும் என்று எழுதி, உன் கையெழுத்துப் போட்டு அதற்குள் அனுப்பு. வராவிட்டால் உன் இரண்டு கடிதங்களையும் நானே கூட்டத்தில் வாசிப்பேன். அழகுத்தாயும் அங்கே இருப்பாள்.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. கஸ்தூரியிடம் அவள் அப்பாவைக் குறைசொல்லாதே, அவள் என்ன செய்வாள். அம்மாவின் ஆசீர்வாதம் உங்கள் மூவருக்கும். என்னுடையது கஸ்தூரிக்கும் சௌந்தரத்துக்கும். உனக்கு, உன் கையெழுத்து வந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அப்பா தனுஷ்கோடி